பழைய கெனிஸ்டர் ஃபில்டருக்கு உதிரிப்பாகம்: பெயரைவிட அளவைச் சொல்லித் தேடுங்கள்

கேள்வி சுருக்கமாக இது. பினாங்கு லோரோங் கூலிட் காலைச் சந்தையில் ஒரு பழைய எஹைம் 2217, இணைய விளம்பரம் பார்த்து ஒரு சன்சன் எச்டபிள்யூ-303பி என்று, மீன் தொட்டிக்கு வெளியே வைத்துத் தண்ணீரை வடிகட்டும் இரண்டு கெனிஸ்டர் ஃபில்டர் வாங்கியாயிற்று. எஹைம் முனகுகிறது, தண்ணீர் வரவில்லை. சன்சன் ஓடுகிறது, ஆனால் மூடியடியில் சொட்டுகிறது. மீன் கடைத் தவுக்கேயிடம் கேட்டால், “ஸ்பேர் இல்லை, புதுசு வாங்கு” என்கிறார். மலிவாக உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்?

எங்கே என்று பார்ப்பதற்கு முன் எது கெட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த வகை ஃபில்டரில் மாடலோடு கட்டுப்பட்ட பாகம் மூன்றுதான்: இம்பெல்லர் (காந்தமும் இறக்கையும் சேர்ந்த சுழலி), மூடி சீல், மூடியைக் கவ்வும் கிளிப். மற்றதெல்லாம் ஹார்ட்வேர் கடைச் சரக்கு. மோட்டாரின் கம்பிச்சுருளான காயில் மட்டும் எந்தப் பட்டியலிலும் சேராது. அது எபாக்ஸி பிசினில் முழுக்க அடைத்து வார்க்கப்பட்டது, பிரித்துச் சுற்ற வழியில்லை. அதனால் ஒரு வெள்ளி (ரிங்கிட்) செலவழிக்கும் முன் காயில் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால் பிளக்கைத் திறந்து ஃபியூஸைப் பாருங்கள். நம் ஊர் மூன்று முள் பிளக்கில் ஃபியூஸ் இருக்கிறது என்பதே பலருக்கு மறந்துபோகிறது. ‘செத்த பம்ப்’ என்று சந்தைக்கு வரும் சிலவற்றில் ஃபியூஸ் மட்டுமே போயிருக்கும். திறந்த கையோடு உள்ளே இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். 240 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்றால் 720 வாட். உங்கள் பம்ப் சாப்பிடுவது 20 வாட்டோ 35 வாட்டோதான்.

அடுத்து மல்டிமீட்டர். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, ஓம் அளவில் வைத்து, லைவ் முள்ளுக்கும் நியூட்ரல் முள்ளுக்கும் இடையே அளந்து பாருங்கள். சில நூறு ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம் வரை காட்டினால் காயில் சரி. எண்ணே வராமல் திறந்த சுற்று என்று காட்டினால் காயிலோ உள்ளிருக்கும் வெப்ப ஃபியூஸோ போய்விட்டது. கேபிளை நெடுக வளைத்துப் பார்த்து, எந்த இடத்திலாவது எண் வந்துவந்து போனால் கேபிள் அறுந்திருக்கிறது. இது 240 வோல்ட்டில் நேராக ஓடும் பம்புக்கான சோதனை. அடாப்டரோடு வரும் டிசி பம்புக்கு இது பொருந்தாது.

இன்னொரு சோதனையை யாரும் செய்வதில்லை, ஆனால் பழைய பொருளுக்கு இதுதான் முக்கியம். மோட்டார் இருக்கும் தலைப்பகுதியைக் கவிழ்த்து, இம்பெல்லர் உட்காரும் குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். மீட்டரை 20 மெகாஓமில் வைத்து, ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையை உலர்ந்த பிளக்கின் முள்ளிலும் வையுங்கள். மூன்று முள்ளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எந்த எண் வந்தாலும் எபாக்ஸி விரிசல் விட்டிருக்கிறது, அந்தத் தலை குப்பைக்கு. இதைப் பசை பூசிக் காப்பாற்ற நினைக்காதீர்கள். சோதனையில் தேறினாலும் வீட்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மீன் தொட்டிப் பக்கம் போக வேண்டும்.

சந்தையில் வாங்கும்போதே லேபிளைப் படியுங்கள். ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வரும் பழைய பொருள் விற்கும் கடைகளில் எஹைம் நிறையக் கிடைக்கும், விலையும் ஆசை காட்டும். அவை 100 வோல்ட். இங்கே செருகினால் காயில் கருகிவிடும். ஆனால் அதே ஃபில்டர் உதிரிப்பாகத்துக்குத் தங்கச் சுரங்கம். கெனிஸ்டர் பாத்திரம், கிளிப், சீல், உள் தட்டு, குழாய் என எதற்கும் வோல்ட் கிடையாது. இம்பெல்லருக்குக்கூட வோல்ட் கணக்கில்லை, ஹெர்ட்ஸ்தான் கணக்கு. ஜப்பானின் கிழக்குப் பாதி 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதி 60 ஹெர்ட்ஸ். நமக்கு 50. இந்தப் பம்புகளின் காந்தம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸோடு பூட்டிக்கொண்டு சுற்றுவது. 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3000 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 3600. 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த இறக்கையை இங்கே ஓட்டினால் ஓட்டம் ஆறில் ஒரு பங்கு குறையும், தண்ணீரை மேலே தள்ளும் உயரம் மூன்றில் ஒரு பங்கு குறையும். கேபினட்டுக்குள் கீழே வைக்கும் ஃபில்டருக்கு அந்த உயர இழப்பு நன்றாகவே தெரியும். லேபிளில் 50 என்று இருந்தால் பாகத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

இனி உங்கள் எஹைம் ஏன் முனகுகிறது என்று பார்ப்போம். முனகல் வந்தால் காயிலுக்கு மின்சாரம் போகிறது, காந்தம் சுற்றவில்லை என்று அர்த்தம். இறக்கை மூடியைத் திருப்பிக் கழற்றி இம்பெல்லரை வெளியே இழுங்கள். அழுக்கு என்றால் பழைய பல் பிரஷ் போதும். கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் குழாய்த் தண்ணீர் மென்மையானது, அதனால் வெள்ளைச் சுண்ணாம்பு அதிகம் படியாது. பழுப்பு நிறக் கொழகொழப்புத்தான் இருக்கும். முன்பிருந்தவர் கடல் மீனோ ஆப்பிரிக்க சிக்லிட்டோ வளர்த்திருந்தால் கதை வேறு. குழியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து அரை மணி நேரம் ஊற வையுங்கள், உதிர்ந்துவிடும். வினிகரும் ஆகும். குளோராக்ஸ் மட்டும் அதோடு சேரக்கூடாது, நச்சு வாயு வரும்.

சுத்தம் செய்த இம்பெல்லரைக் கையில் வைத்துப் பாருங்கள். ஒரு கையால் காந்தத்தைப் பிடித்து மறுகையால் இறக்கையைத் திருப்பினால் பல மாடல்களில் ஏறத்தாழ அரைச் சுற்று தளர்வாகப் போய் ஒரு தட்டோடு நிற்கும். இது கெட்டுப்போனதன் அடையாளமில்லை. காந்தம் முதலில் எடையில்லாமல் சுற்றத் தொடங்கி, வேகம் பிடித்தபின் இறக்கையைத் தூக்கிக்கொண்டு போகத்தான் அந்த இடைவெளி. இதை ‘லூஸ்’ என்று நினைத்து சூப்பர் குளூ போட்டு ஒட்டியவர்கள் ஏராளம். ஒட்டிய பிறகு பம்ப் முனகும், சுற்றாது. பழைய பொருள் வாங்கும்போது அந்த இடத்தில் வெள்ளைப் பசைத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மாறாக, இறக்கை எங்கும் தட்டாமல் முழுச் சுற்றாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளிருக்கும் நிறுத்துப் பல் உடைந்திருக்கிறது. புதிய இம்பெல்லர்தான் வழி. காந்தத்தில் விரிசலோ வீக்கமோ இருந்தாலும் அதேதான். வீங்கிய காந்தத்தை உப்புத்தாளில் தேய்த்து ஒல்லியாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பூச்சு போய்விடும்.

இம்பெல்லர் சுற்றும் அச்சான ஷாஃப்ட் தனி விஷயம். எஹைமில் அது வெள்ளை செராமிக் கம்பி, இரு முனையிலும் சிறு ரப்பர் புஷ். கீழே விழுந்தால் கம்பி இரண்டாகும். மேல் துண்டு கையோடு வரும், கீழ்த் துண்டு குழியின் அடியில் புஷ்ஷோடு நிற்கும். நீள் மூக்குக் கொறடால் எடுங்கள். இம்பெல்லர் நன்றாக இருக்கும்போது ஷாஃப்டும் புஷ்ஷும் மட்டும் வாங்குவது முழு செட் வாங்குவதைவிட மலிவு. பெயரில்லாத சீனச் செராமிக் ஷாஃப்டுகள் 3, 4, 5 மி.மீ. விட்டத்தில் ஷாப்பியிலும் லசாடாவிலும் கிடைக்கின்றன. நீளம் கூடுதலாக இருந்தால் வைரத் தட்டு போட்ட சிறு கிரைண்டரால் தண்ணீர் சொட்டவிட்டுச் சுற்றிலும் கீறி, ஒடித்து, முனையை மழுக்குங்கள். ஸ்டீல் கம்பியைப் போடலாமா என்றால், நன்னீரில் 316 ஸ்டெயின்லெஸ் தற்காலிகத்துக்கு ஓடும், சத்தம் கொஞ்சம் கூடும். கடல் நீரில் வேண்டாம்.

ரப்பர் புஷ் காய்ந்து இறுகியதுதான் பெரும்பாலான ‘கட கட’ சத்தத்துக்குக் காரணம். அதற்கு 4/6 மி.மீ. (உள் விட்டம்/வெளி விட்டம்) சிலிக்கோன் காற்றுக் குழாயில் 5 மி.மீ. துண்டு வெட்டி 4 மி.மீ. ஷாஃப்டில் மாட்டிப் பாருங்கள். குழியின் துளைக்கு அது பொருந்தினால் சில காசில் வேலை முடிந்தது. பொருந்தவில்லையென்றால் அழுத்தித் திணிக்காதீர்கள். ஷாஃப்ட் சாய்ந்து காந்தம் சுவரில் உரசும்.

இம்பெல்லரே வாங்க வேண்டும் என்று முடிவானால் மில்லிமீட்டர் துல்லியமாக அளக்கும் வெர்னியர் இல்லாமல் தொடங்காதீர்கள். காந்தத்தின் விட்டம், நீளம். ஷாஃப்டின் விட்டம், முழு நீளம். இறக்கையின் விட்டம், உயரம். ஆறு எண்ணையும் எழுதி, அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். காந்தம் அரை மி.மீ. பருத்தாலே குழியில் உரசும். அரை மி.மீ. மெலிந்தால் ஓடும், பலம் குறையும். இறக்கை ஒரு மி.மீ. உயரம் கூடினால் மூடியில் அடிக்கும். விற்பவரிடம் “2217-க்குச் சேருமா” என்று கேட்டால் “சேரும்” என்றுதான் பதில் வரும். “காந்த விட்டம் எத்தனை” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். ‘எல்லாப் பம்புக்கும் பொருந்தும்’ என்று எழுதி விற்கும் இம்பெல்லர் எந்தப் பம்புக்கும் பொருந்தாது.

சன்சன் போன்ற சீன ஃபில்டர்களுக்கு ஒரு வசதி உண்டு, ஒரு பொறியும் உண்டு. ஒரே அச்சில் வார்த்த தலை நாலைந்து பிராண்டுப் பெயரில் விற்கப்படும். வாட், லிட்டர் கணக்கு, தலையின் வடிவம் மூன்றும் ஒத்துப்போனால் பாகமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். பொறி என்னவென்றால், ஒரே குடும்பத்துக்குள்ளேயே 302, 303, 304 மூன்றுக்கும் இம்பெல்லர் வேறு. ‘எச்டபிள்யூ’ என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். சீன இணையச் சந்தையான தாவ்பாவில் தேடச் சீனம் தெரிய வேண்டியதில்லை, எடுத்த படத்தையே தேடலில் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்குட்பட்ட இணையச் சரக்குக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு வரி உண்டு, அதையும் தபால் செலவையும் கூட்டிப் பாருங்கள். சில வெள்ளிப் பொருளுக்குத் தபால் செலவே அதைவிட அதிகமாகும். வாங்குகிறவர் ஒரே தடவையில் இரண்டு இம்பெல்லர், ஒரு சீல் என்று வாங்கி வைப்பதுதான் கணக்கு.

சன்சன் சொட்டுவதற்கு மூடி சீல்தான் முதல் சந்தேகம். சீலைக் கழற்றி விரலால் உருட்டிப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய குறுக்கு வெட்டு தட்டையாகியிருந்தால் ரப்பர் தன் வேலையை முடித்துக்கொண்டது. வெந்நீரில் ஊறவைத்துத் திருப்பிப் போட்டால் ஓரிரு வாரம் தாங்கும், அவ்வளவுதான். மாடலுக்கான சீல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், பெரிய விலையில்லை. கிடைக்காத பழைய மாடலுக்கு ஆயில் சீல், பேரிங் விற்கும் கடைக்குப் போங்கள். கோலாலம்பூரில் சான் சோவ் லின் தொழிற்பேட்டை, பினாங்கில் பிறை பக்கம். ஓ-ரிங் கயிறு மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். மூடியின் பள்ளம் 4 மி.மீ. ஆழம் என்றால் 5 மி.மீ. கயிறு வாங்குங்கள், ஐந்தில் ஒரு பங்கு நசுங்கினால் நன்றாக அடைக்கும். நீளம் கண்டுபிடிக்க, பள்ளத்தின் நடு விட்டத்தை 3.1416-ஆல் பெருக்குங்கள். 180 மி.மீ. விட்டம் என்றால் 565 மி.மீ. புது பிளேடால் இரு முனையையும் ஒரே சாய்வில் 45 பாகை வெட்டி, ஒரு துளி சூப்பர் குளூவால் சேர்த்து, ஒரு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். ஓ-ரிங் கயிற்றில் ஒரு வகையான நைட்ரைல் ரப்பரில் இது பிடிக்கும், சிலிக்கோனில் பிடிக்காது. சீலின் குறுக்கு வெட்டு வட்டமாக இல்லாமல் உதடு மாதிரி இருந்தால் இந்த வித்தை வேண்டாம்.

சீலில் என்ன தடவுவது என்பதில்தான் பலர் நல்ல ரப்பரைக் கெடுக்கிறார்கள். வாஸ்லின் பெட்ரோலியப் பொருள், இ.பி.டி.எம். என்ற இன்னொரு வகை ரப்பரை வீங்க வைத்துவிடும். சிலிக்கோன் கிரீஸ் நைட்ரைலுக்கும் இ.பி.டி.எம்.முக்கும் நல்லது, சிலிக்கோன் சீலுக்கு ஆகாது. எந்த ரப்பர் என்று தெரியாவிட்டால் தண்ணீரில் நனைத்து மாட்டுங்கள், போதும்.

சீல் நன்றாக இருந்தும் சொட்டினால் உங்கள் 303பி-யில் யூவி (புற ஊதா) பகுதியைப் பாருங்கள். பி என்ற எழுத்து யூவி விளக்கு உள்ள மாடலுக்குத்தான். விளக்கைச் சுற்றியிருக்கும் கண்ணாடி உறையின் ஓ-ரிங் தளர்ந்தாலும் கண்ணாடியில் முடி போல விரிசல் விட்டாலும் தண்ணீர் மின்சாரப் பக்கம் வரும். அதுதான் ஆபத்தான கசிவு. யூவி வேண்டாம் என்று விளக்கை எரிக்காமல் விடலாம், ஆனால் உறை முழுசாக இருந்தே ஆக வேண்டும். விளக்கு மாற்றுவதானால் 9 வாட், இரண்டு முள் வகை. கழற்றும்போது வாட்டையும் முள்ளையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். எரியும் விளக்கை நேராகப் பார்க்காதீர்கள்.

குழாய்க்கு பிராண்ட் பார்ப்பது வீண் செலவு. 2217-இல் உறிஞ்சும் பக்கம் 16/22 மி.மீ., வெளியேற்றும் பக்கம் 12/16 மி.மீ. ஹார்ட்வேர் கடையில் தெளிந்த பிவிசி குழாய் அங்குலக் கணக்கில் இருக்கும். எட்டில் ஐந்து அங்குலம் 15.9 மி.மீ., அது 16-க்கு இறுக்கமாக உட்காரும். முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி மாட்டுங்கள். அரை அங்குலம் 12.7 மி.மீ., 12-க்குக் கொஞ்சம் தொளதொளப்பு, அதனால் ஸ்டெயின்லெஸ் கிளிப் கட்டாயம். சுவர் மெல்லிய குழாய் வளைவில் மடங்கி ஓட்டத்தை நிறுத்தும், தடித்ததாகக் கேளுங்கள்.

உள் சரக்கு இன்னும் எளிது. முரட்டு ஸ்பஞ்ச் ஷீட் வாங்கிப் பழைய ஸ்பஞ்சை அச்சாக வைத்து வெட்டுங்கள். மெல்லிய வடிகட்டலுக்குத் தலையணைப் பஞ்சு போதும், தீத்தடுப்பு மருந்து போடாத பாலியெஸ்டராக இருக்க வேண்டும். உங்கள் 2217 சேர்ந்த எஹைம் கிளாசிக் வரிசையில் கூடைகளே கிடையாது, அடுக்கடுக்காகப் போட்டு நிரப்புவதுதான். ‘கூடை காணோம்’ என்று தேடி அலையாதீர்கள்.

இனி ‘எங்கே’. மீன் கடைத் தவுக்கேயிடம் ஸ்பேர் கேட்டால் இல்லை என்பார். “பாம் ரோசாக் அடா?” (கெட்ட பம்ப் இருக்கிறதா?) என்று கேளுங்கள். பல கடைகளின் பின்கட்டில் வாடிக்கையாளர் விட்டுப்போன கெட்ட தலைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கும். காயில் செத்த தலையில் இம்பெல்லரும் கிளிப்பும் உயிரோடு இருக்கும், அதற்கு அவர் பெரிதாக விலை வைக்க மாட்டார். லோரோங் கூலிட்டில் சீக்கிரம் போக வேண்டும், வெர்னியரும் மல்டிமீட்டரும் பையில் இருக்க வேண்டும். கோலாலம்பூர்காரர்களுக்கு மீட்டர், ஃபியூஸ், கேபிள் எல்லாம் புடு ஜாலான் பாசார் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில். பழைய பொருள் விளம்பரத் தளங்களான மூடாவிலும் கேரோசெல்லிலும் ‘ஃபில்டர்’ என்று தேடுவதைவிட ‘தொட்டி முழு செட்’ விற்கும் விளம்பரங்களைப் பாருங்கள். மீன் வளர்ப்பை விடுகிறவர் ஃபில்டரைத் தனியாக மதிப்பதில்லை.

விலைக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபில்டரின் விலையும் பாகங்களின் விலையும் சேர்ந்து அதே அளவு புதிய ஃபில்டரின் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். சீன மாடலுக்கு இந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடும். தலை செத்த சன்சனுக்குப் புதுத் தலை தேடுவது பெரும்பாலும் நஷ்டம். எஹைம் கிளாசிக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே செலவழிக்கலாம், பல ஆண்டுகளாக அதே வடிவத்தில் வருவதால் பாகம் தொடர்ந்து கிடைக்கிறது.

காயில் செத்த கெனிஸ்டரையும் எறிய வேண்டாம். பிளக்கை வெட்டிவிட்டு, இம்பெல்லரைக் கழற்றிவிட்டு, ஓடும் ஃபில்டரின் உறிஞ்சும் குழாயில் முன்னால் இணைத்தால் அது முன்வடிகட்டி. முரட்டு ஸ்பஞ்ச் மட்டும் போடுங்கள், மெல்லியது போட்டால் பின்னால் இருக்கும் பம்ப் மூச்சுத் திணறும்.

எல்லாம் மாட்டிய பிறகு நேராகக் கேபினட்டுக்குள் வைக்காதீர்கள். பெரிய வாளித் தண்ணீரில் குழாய்களை விட்டு, ஃபில்டரைக் காய்ந்த செய்தித்தாள் மேல் வைத்து ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். தாளில் ஒரு வட்டம் நனைந்தாலும் தெரியும். கேபிள் பிளக்கை விடக் கீழே தொங்கி மேலே ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஓட்டத்தை 5 லிட்டர் வாளி நிரம்பும் நேரத்தை வைத்துப் பாருங்கள். 2217-க்குச் சொல்லப்படும் மணிக்கு 1000 லிட்டர் என்றால் 18 வினாடி, 303பி-யின் 1400 லிட்டர் என்றால் 13 வினாடி. அந்த எண்கள் காலி ஃபில்டருக்கானவை. சரக்கு நிரப்பி ஒரு மீட்டர் உயரத்துக்குத் தள்ளும்போது இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் நல்ல நிலை. மூன்று மடங்கைத் தாண்டினால் குழாய் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இம்பெல்லரைக் குறை சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு.